சும்மா குடுத்த மீன் ஸ்பூன்

அந்தச் சனிக்கிழமை காலையில சில்லு பால்கனியில உக்காந்து ஒரு சிட்டுக்குருவி செதுக்க ஆரம்பிச்சா. குருவிக்கு மூக்கு வர்றதுக்குள்ள கத்தியைக் கீழ வெக்க வேண்டியதாப் போச்சு.

சில்லுங்கறது வீட்டுல வெச்ச பேரு. தலைமுடியில, தலைகாணி உறையில, ஒரு தடவை அப்பாவோட டீயில கூட மரச்சில்லு மிதந்துச்சு. அன்னிலேர்ந்து அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு, நெசப் பேரு ஸ்கூலோட நின்னு போச்சு. பதினொண்ணாவது படிக்கிறா. படிப்பு போக மிச்ச நேரமெல்லாம் ஒரு கத்தி, ஒரு கட்டை, மடியில ஒரு பழைய துண்டு. யாரும் சொல்லிக் குடுக்கல. வீடியோ பாத்துப் பாத்து, வெரலை வெட்டிக்கிட்டு, தானா வந்தது.

அன்னிக்கு எடுத்தது ரெண்டு முனையிலயும் சிவப்பு நெயில் பாலிஷ் பூசுன கட்டை. பச்சைக் கட்டையை அப்படியே காய விட்டா முனையில வெடிச்சிடும். அதனால வெட்டுன இடத்தை எதையாவது பூசி அடைக்கணும். சில பேரு மெழுகு பூசுவாங்க, சில பேரு பெயிண்ட். சில்லுக்குக் கெடைச்சது சித்தியோட நெயில் பாலிஷ். சித்தி பியூட்டி பார்லர்ல வேலை பாக்குறா, அடியில கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்குற பாட்டிலுக்குப் பஞ்சமே இல்ல. இதுல சில்லு தனக்குன்னு ஒரு சட்டம் வெச்சிருந்தா. ரோஸ் பூசுனா அது வாய்க்குப் போகலாம், ஸ்பூனோ கரண்டியோ செய்யலாம். சிவப்பு பூசுனா வாய்க்குப் போகவே கூடாது. குருவி, நாய்க்குட்டின்னு பாத்துட்டு வெக்கற சாமான் மட்டும்.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரே நாள்ல ரெண்டு கட்டை வந்துச்சு. ஒண்ணு கொய்யா. அப்பா ஸ்கூல் வேன் ஓட்டுறாரு. ஸ்கூல் காம்பவுண்டுல காத்துக்கு ஒடிஞ்ச கெளையை வேன் சீட்டுக்கு அடியில போட்டுக் கொண்டாந்தாரு. இன்னொண்ணு அரளி. ரோட்டுக்கு நடுவுல வரிசையா நட்டிருப்பாங்களே, அதை வெட்டிக் குவிச்சிருந்தப்ப சில்லுவே பொறுக்கிட்டு வந்தா. அரளி விஷம்னு அவளுக்கு நல்லாவே தெரியும். ஆனா வெள்ளையா, நேரா, கோடு போட்டாப்புல இருந்துச்சு. பாத்துட்டு விட்டுட்டு வர மனசு வரல. குருவிக்கு ஆகும்னு தூக்கிட்டு வந்துட்டா.

இப்ப கையில இருக்குற சிவப்புதான் அந்த அரளி. அப்படித்தான் நெனச்சா.

ஆனா கத்தி எறங்க மாட்டேங்குது. கல்லுல கிழிக்கிற மாதிரி இருக்கு. அரளி இவ்வளவு கெட்டியான்னு யோசிச்சுக்கிட்டே கட்டையைத் திருப்புனா. ஒரு கணு இருந்துச்சு. கணுவோட பள்ளத்துக்குள்ள, உரிக்கும்போது விட்டுப் போன பட்டை, நகத்தளவுதான். வழவழன்னு, செம்பு நிறத்துல. நகத்தால நெம்புனா காகிதம் மாதிரி மெலிசா உரிஞ்சு வருது.

அரளிப் பட்டை இப்படி இருக்காது. இப்படிப் பளபளன்னு உரியறது கொய்யா.

கையில இருக்குறது கொய்யான்னா, அப்ப ரோஸ் பூசுன கட்டை?

அதுலதான் மீன் ஸ்பூன் செஞ்சா. வாலு கைப்பிடியா, வாய் குழியா, கண்ணுக்கு ஒரு சின்ன புள்ளி. இது வரைக்கும் செஞ்சதுலயே நல்லா வந்த சாமான். தேங்காய் எண்ணெய் தடவி, துணியால தேச்சுத் தேச்சு மினுக்கி, போன மாசம் மேல் வீட்டு அக்காவோட பையனுக்குக் குடுத்தா. பையனுக்கு எட்டு மாசம். அப்பதான் சோறு பெசைஞ்சு ஊட்ட ஆரம்பிச்சிருந்தாங்க.

கத்தியைக் கீழ வெச்சா.

எப்படி மாறுச்சுன்னு யோசிச்சா. அன்னிக்கு சாயங்காலம் கரண்ட் போயிருந்துச்சு. உரிச்ச கட்டை ரெண்டும் முன்னாடி. இந்தப் பக்கம் சிவப்பு பாட்டில், அந்தப் பக்கம் ரோஸ் பாட்டில், சித்தி பிடிச்ச டார்ச். டார்ச்சோட மங்கல் வெளிச்சத்துல ரெண்டு பாட்டிலும் ஒரே கருப்பாத்தான் தெரிஞ்சுச்சு. நடுவுல சித்தி, "இரு இரு, எனக்கு ஒரு வெரலுக்கு"ன்னு ஒரு பாட்டிலை எடுத்து சுண்டு வெரலுக்குப் பூசிப் பாத்துட்டு வெச்சா. எடுத்த எடத்துலயா வெச்சா? யாருக்குத் தெரியும். காலையில பாத்தா ஒரு கட்டை சிவப்பு, ஒரு கட்டை ரோஸ், எல்லாம் ஒழுங்கா இருக்கு. சில்லு கலரை நம்புனா. கட்டையைப் பாக்கல.

நம்ம வெச்ச சட்டம்தானே, அது தப்பாகுமான்னு ஒரு திமிரு.

இதுல கொடுமை என்னன்னா, யார்கிட்டயும் போய் நிக்க முடியாது. அப்பா சொல்ற மாதிரி கேட்டிருந்தா இது நடந்தே இருக்காது. சித்தி சொல்ற மாதிரி கேட்டிருந்தாலும் ஒருவேளை நடந்திருக்காது. ரெண்டு பேரு பேச்சையும் கேக்காம தன் இஷ்டத்துக்குப் பண்ணுனவ அவதான்.

வீட்டுல இந்தச் சண்டை ரொம்ப நாளா ஓடிக்கிட்டு இருக்கு. அப்பா கட்சி, எல்லாத்தையும் வெச்சுக்கணும். அம்மாவோட பீங்கான் தட்டையெல்லாம் பரண்ல ஏத்திட்டு, ஹால்ல இருக்குற கண்ணாடி அலமாரி முழுக்க சில்லு சாமானா அடுக்கியிருக்காரு. காது ஒடிஞ்ச முயல் கூட அங்க இருக்கு. செதுக்கி முடிக்கிறதுக்குள்ளயே, "ஆச்சா? ஆச்சா?"ன்னு வந்து நிப்பாரு, புள்ள பொறக்கப் போற ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற மாதிரி.

சித்தி கட்சி, விக்கணும். "மாமா, இது வீடா மியூசியமா? டிக்கெட்டாவது போடுங்க, வருமானம் வரும்"பா.

"வித்தா ஒரு நாள் செலவுக்கு ஆகும். வெச்சா அப்படியே இருக்கும்மா."

"ஆமா, ஒட்டடையோட."

சில்லு ரெண்டு கட்சியிலயும் இல்ல. அவ குடுத்துடுவா. கேட்டவங்களுக்கு, கேக்காதவங்களுக்கு, ஸ்கூல் ஆயாவுக்கு, கூரியர் அண்ணனுக்கு. எல்லாரும் என்ன தாராள மனசுன்னு சொல்லுவாங்க. தாராளமெல்லாம் ஒண்ணும் இல்ல. பயம். வித்தா யாராவது, "இதுக்கா இவ்வளவு?"ன்னு கேப்பாங்க. அலமாரியில வெச்சா வர்றவன் போறவன்லாம் மூக்கு கோணல்னு சொல்லுவான். சும்மா குடுத்தா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு ஊருக்கே தெரியும். அதுதான் அவளுக்கு வசதியா இருந்துச்சு. யாரும் பல்லைப் பாக்கல. கடைசியில அவளும் பாக்கல.

துண்டை உதறிட்டு எந்திரிச்சா. மாடிப்படி ஏறும்போதே என்ன சொல்றதுன்னு மனசுக்குள்ள பத்து தடவை சொல்லிப் பாத்தா. அக்கா, அந்த ஸ்பூன் அரளி. அவ்வளவுதான், நாலு வார்த்தை.

மேல் வீட்டு அக்கா ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறவங்க. ஹால்ல தையல் மெஷின் கடகடன்னு ஓடிக்கிட்டு இருந்துச்சு. சுத்தி நீலத் துணியா மலை மாதிரி. துணி மலைக்கு நடுவுல அவங்க பையன் உக்காந்து காலி நூல்கண்டைக் கடிச்சுக்கிட்டு இருந்தான். குண்டுக் கன்னம், மொட்டைத் தலை. எல்லாரும் பூசணின்னுதான் கூப்பிடுவாங்க. சில்லுவைப் பாத்ததும் ரெண்டு பல்லையும் காட்டிச் சிரிச்சான். அவ்வளவுதான், அந்த நாலு வார்த்தையும் போன எடம் தெரியல.

"வாடி சில்லு. என்ன, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. அந்த மீன் ஸ்பூன்... ஒரு போட்டோ எடுக்கணும். சித்தி கேட்டா."

மெஷின் பெடல்ல இருந்த அக்காவோட கால் நின்னுச்சு. ஒரு நொடி எங்கயோ பாத்தாங்க. அப்புறம் பெருசா சிரிச்சாங்க.

"அதுவா? உள்ள பத்திரமா வெச்சிருக்கேன். இவனுக்கு தினம் மூணு வேளையும் அதுலதான். அது இல்லன்னா வாயே தொறக்க மாட்டான், பாத்துக்கோயேன்!"

சில்லுக்குக் காதுக்குள்ள ஙொய்னு ஒரு சத்தம். மூணு வேளையும். ஒரு மாசமா.

"குடுங்கக்கா, எண்ணெய் போட்டுத் தர்றேன். காஞ்சு போயிருக்கும்."

"ஐயோ, இப்ப எந்தப் பாத்திரத்துக்குள்ள கெடக்கோ! சாயங்காலம் நானே தேடிக் கொண்டாந்து தர்றேன், நீ போ கண்ணு. இந்தப் பதினெட்டு பாவாடையும் இன்னிக்கே போகணும்."

இப்ப சொல்லிடு. இப்பவே சொல்லிடு. அவளுக்கே அவ குரல் உள்ள கேக்குது. ஆனா வாய் சொன்னது, "சரிக்கா." கால் பாட்டுக்குப் படி எறங்கிடுச்சு.

நீங்க திட்டலாம். குழந்தை விஷயத்துல ஒரு புள்ள இப்படி வாயை மூடிக்கிட்டு வருமான்னு கேக்கலாம். ஆனா ரொம்பப் பயந்தா அப்படித்தான் ஆகும். வாய் ஒரு பக்கம் போகும், மனசு ஒரு பக்கம் நிக்கும்.

கீழ ஹால்ல அப்பாவும் சித்தியும் அலமாரி முன்னாடி நின்னு மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாங்க. மறுநாள் லைப்ரரி வாசல்ல கைவேலைச் சந்தை. சித்தி ஒரு மேஜைக்கு எடம் சொல்லி வெச்சிருந்தா. ஒரு அட்டைப் பெட்டியில ஆந்தையும் பூனையுமா எடுத்து வெக்கிறா, அவ திரும்பும்போதெல்லாம் அப்பா ஒண்ணு ஒண்ணா எடுத்துத் திருப்பி அலமாரியில வெக்கிறாரு.

"மாமா, அந்த ஆந்தை இப்பதானே உள்ள போட்டேன்?"

"அதுக்கு எடம் புடிக்கல. பறந்து வந்துடுச்சு."

"சில்லு, நீயே கேளு! ஏய், ஸ்பூன் எத்தனை வெச்சிருக்க? ஸ்பூன்தான் போகும். பார்லருக்கு வர்றவங்க மூணு பேரு குழந்தைக்குன்னு கேட்டிருக்காங்க."

குழந்தைக்குன்னு.

"ஸ்பூன் இல்ல சித்தி."

"மீன் ஸ்பூன் எங்க?"

"மேல் வீட்டு அக்காவுக்குக் குடுத்துட்டேன்."

"குடுத்துட்டியா! தங்கமா செஞ்சதை! இவ ஒருத்தி, தண்ணிப் பந்தல் வெச்சவ மாதிரி."

சில்லு கடிகாரத்தைப் பாத்தா. பன்னெண்டுக்கு அஞ்சு நிமிஷம். பூசணிக்குப் பன்னெண்டு மணிக்குச் சாப்பாடு. மேல அக்கா கிண்ணத்தோட உக்காந்து, "ஆ காட்டு, ஆ காட்டு"ன்னு பாடுறது தெனம் ஜன்னல் வழியா கேக்கும். சித்தி பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டா.

"சித்தி, சும்மா குடுத்த சாமான்ல ஏதாவது கோளாறு இருந்தா, வாங்குனவங்க வந்து சொல்லுவாங்கல்ல?"

சித்தி ஆந்தையைத் துணியில சுத்திக்கிட்டே சிரிச்சா. "யாரு? சும்மா வாங்குனவளா? செத்தாலும் சொல்ல மாட்டா. பார்லர்ல காசு குடுத்து வெட்டிக்கிட்டவளுக்கு ஒரு முடி நீட்டிக்கிட்டு இருந்தாப் போதும், மறுநாள் காலையில கதவைத் தொறக்க விட மாட்டா. உங்கம்மாவுக்கு நான் சும்மா வெட்டி விட்டேனே, ஒரு பக்கம் மேல ஏறி, ஒரு பக்கம் கீழ தொங்கி! ஒரு வார்த்தை சொன்னாளா? 'நல்லா இருக்குடி'ன்னா. ஒரு மாசம் தலையில ஸ்கார்ஃப் கட்டிக்கிட்டு அலைஞ்சா."

அப்பா அலமாரிக்குள்ள விட்ட தலையை வெளிய எடுத்தாரு. "ஏம்மா, என்கிட்ட தலைவலின்னுல்ல சொன்னா?"

"தலைவலிதான் மாமா. என்னால வந்த தலைவலி."

அப்பா சிரிச்சாரு. சித்தி சிரிச்சா. சில்லு மட்டும் சிரிக்கல. செத்தாலும் சொல்ல மாட்டாங்கன்னா, அக்கா வந்து சொல்லப் போறதில்ல. அப்ப இதைச் சொல்றதுக்கு இந்த உலகத்துல ஒரே ஒரு ஆள்தான் இருக்கு.

இந்தத் தடவை படியை ரெண்டு ரெண்டா தாண்டுனா.

கதவு தொறந்தே இருந்துச்சு. மெஷின் ஓடல. அக்கா தரையில சப்பணம் போட்டு உக்காந்திருந்தாங்க. மடியில பூசணி, கையில கிண்ணம். ஸ்பூன் அவன் வாய்க்குப் போயிக்கிட்டு இருந்துச்சு.

"வேண்டாம்!"

பூசணி வீல்னு அழுதான். அக்கா துள்ளிட்டாங்க. கிண்ணத்துல இருந்த கேரட்டுச் சோறு நீல யூனிஃபார்ம் மேல தெறிச்சுச்சு. அக்கா கையில இருந்தது சாதா எவர்சில்வர் ஸ்பூன்.

"என்னடி, இப்படியா கத்துவ? குழந்தை பயந்துட்டான் பாரு." அப்புறம் சில்லு எதைப் பாக்குறான்னு அக்காவுக்குப் புரிஞ்சுது. கையும் களவுமா மாட்டுன மாதிரி ஸ்பூனைப் பின்னாடி மறைச்சாங்க. "அது... இன்னிக்கு மட்டும்தான் இதுல. உன் ஸ்பூனைக் கழுவிக் காய..."

"அக்கா, அது அரளிக் கட்டை." சில்லு நின்ன எடத்துலயே நின்னு சொன்னா. "கொய்யான்னு நெனச்சு செஞ்சுட்டேன். கலர் மாறிடுச்சு. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. காலையிலயே இதைச் சொல்லத்தான் வந்தேன். சொல்ல முடியல."

அக்கா கிண்ணத்தைக் கீழ வெச்சாங்க. பூசணியைத் தூக்கித் தோள்ல போட்டாங்க. அவன் முதுகைத் தட்டுற கை தட்டிக்கிட்டே இருந்துச்சு, ஆனா முகம் வெளுத்துப் போச்சு.

"அரளியா?"

"ஆமாக்கா."

"காலையில வந்து போட்டோ எடுக்கணும்ன?"

"ஆமாக்கா."

"நான் மூணு வேளையும் அதுலதான் ஊட்டுறேன்னு சொல்றேன், நீ அதைக் கேட்டுட்டு கீழ எறங்கிப் போன?"

சில்லுக்கு அழுகை வந்துடுச்சு. சத்தம் இல்லாத அழுகை. பூசணி தன் அழுகையை நிறுத்திட்டு, தோள் மேல இருந்து அவளை வேடிக்கை பாத்தான்.

"எத்தனை தடவைக்கா வாயில வெச்சான்? வாந்தி எதுவும்..."

அக்கா கண்ணை மூடித் தொறந்தாங்க. "ஒரே ஒரு தடவை."

"ம்?"

"ஒரு தடவைதான்டி! நீ குடுத்த அன்னிக்கே. நாக்குல பட்டதும் மூஞ்சியைக் கோணி, தூன்னு துப்பிட்டான். கசந்திருக்கும் போல. எண்ணெய் வாடைன்னு நெனச்சேன். மறுபடி கொண்டு போனா வாயை இறுக்கி மூடிக்கிட்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுறான். அதோட விட்டுட்டேன்."

"அப்ப தினம் அதுலதான்னு..."

"பொய். போதுமா?" அக்கா குரல் ஏறுச்சு. "பின்ன என்னடி சொல்லச் சொல்ற? வெரல்ல பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு, ரெண்டு கையாலயும் நீட்டுற. என் புள்ளைக்குப் புடிக்கல, எடுத்துட்டுப் போன்னு எந்த வாயால சொல்றது? கடையில வாங்குனதா இருந்தா அன்னிக்கே கொண்டு போய் அவன் மேஜை மேல விசிறியிருப்பேன்."

மாத்தி மாத்தி நல்லவங்களா இருந்து, நடுவுல ஒரு குழந்தையை வெச்சுட்டோமேன்னு ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல ஒறைச்சிருக்கணும்.

"ஸ்பூன் இப்ப எங்கக்கா இருக்கு?"

அக்கா பாத்ரூம் பக்கம் நடந்தாங்க. சில்லு பின்னாடியே போனா. வாஷிங் மெஷினுக்கு மேல ஒரு பிளாஸ்டிக் டப்பா. அக்கா மூடியைத் தொறந்தாங்க. உள்ள நீல சோப்புத்தூள். தூளுக்குள்ள தலைகீழா குத்திக்கிட்டு, வாலு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு, மீன் ஸ்பூன்.

"துணிக்கு அளவு சரியா இருந்துச்சு," அக்கா தரையைப் பாத்துக்கிட்டு சொன்னாங்க. "ஒரு வாளிக்கு ஒண்ணரை ஸ்பூன்."

ராத்திரி பகலா தேச்சு மினுக்குன மீனு. கண்ணுக்குள்ள சோப்புத்தூள் அடைஞ்சு போயிருந்துச்சு. வேற நாளா இருந்தா சில்லு நெஞ்சு வெடிச்சிருக்கும். அன்னிக்கு அவ அந்த டப்பாவைக் கட்டிப் புடிச்சுக்காத கொறைதான். தன் சாமானை சோப்புத்தூளுக்குள்ள பாத்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளு அவ ஒருத்தியாத்தான் இருக்கும்.

அதோட முடியல. அக்கா பூசணியைத் தூக்கிக்கிட்டு நேரா கீழ எறங்குனாங்க. சில்லுவோட அம்மா ஆஸ்பத்திரியில நர்ஸ், ஷிஃப்ட் முடிஞ்சு வந்து தூங்கிக்கிட்டு இருந்தா. எழுப்புனாங்க. அம்மா முழுசா கேட்டா. சில்லுவை ஒரு பார்வை பாத்தா, ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு. பூசணியோட கண்ணை, நாக்கை, வயித்தைப் பாத்தா. நாடி புடிச்சா. ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு குழந்தை டாக்டர்கிட்ட பேசுனா. அக்கா கதவோரமா நின்னு அம்மா உதட்டையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. சில்லு அவங்க முகத்தைப் பாக்கத் தைரியம் இல்லாம பூசணியோட காலையே பாத்துக்கிட்டு இருந்தா. அந்தக் கால் சும்மா இல்ல, அப்பாவோட வேன் சாவியை எட்டி எட்டி ஒதைச்சுக்கிட்டு இருந்துச்சு.

அம்மா ஃபோனை வெச்சா. "ஒரு மாசம் ஆச்சு. அன்னிக்கே துப்பிட்டான். நல்லா சாப்புடுறான், ஆடுறான். பயப்பட ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாரு. எதுக்கும் திங்கக்கிழமை ஒரு தடவை கூட்டிட்டு வாங்கன்னாரு. நானே கூட வர்றேன்."

அக்கா மூச்சு விட்டது ஹால் முழுக்கக் கேட்டுச்சு. அப்படியே பூசணியைத் தூக்கிட்டு, சில்லுகிட்ட ஒரு வார்த்தை பேசாம, படியேறிப் போயிட்டாங்க.

மேஜை மேல மீன் ஸ்பூன் கெடந்துச்சு. நாலு பேரும் அதைச் சுத்தி நின்னாங்க, பாம்பைப் பாக்குற மாதிரி.

"அடுப்புல போட்டுக் கொளுத்திடலாம்," சித்தி சொன்னா. கட்டைக் கலர் மாறுன கதையில தன் சுண்டு வெரலுக்கும் பங்கு இருக்குன்னு தெரிஞ்சதுலேர்ந்து அவ குரல் எறங்கியிருந்துச்சு.

"அரளிப் புகையும் ஆகாது," அம்மா சொன்னா.

"குப்பையில போட்டுட்டா?"

"வேண்டாம்," சில்லு சொன்னா. "என்னை மாதிரி யாராவது அழகா இருக்கேன்னு பொறுக்கிட்டுப் போவாங்க. கழுவி வீட்டுல வெச்சுக்குவாங்க."

கொளுத்த முடியாது, வீச முடியாது. விக்கிறதும் குடுக்கறதும் பேச்சுக்கே இல்ல. அப்பா தொண்டையைச் செருமுனாரு. முகத்தைச் சீரியஸா வெச்சுக்கிட்டாரு, ஆனா உள்ள ஒரு சந்தோஷம் எட்டிப் பாத்துச்சு.

"நான் ஒண்ணும் சொல்லல. எல்லாரும் யோசிச்சு சொல்லுங்க. அலமாரியில ஆந்தை இருந்த எடம் காலியா இருக்கு, அவ்வளவுதான்."

அம்மாவுக்கே சிரிப்பு வந்துடுச்சு.

சில்லு உடனே குடுக்கல. பால்கனிக்கு எடுத்துட்டுப் போனா. துளை போடுற உளியை எடுத்து, ஸ்பூனோட குழிக்கு நடுவுல, கட்டை வெரல் நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை போட்டா. தன் கையால செஞ்சதுலயே நல்ல சாமான். உளி அடிக்க அடிக்க வலிச்சுச்சு. ஆனா இப்ப அதுல தண்ணி நிக்காது, சோறு நிக்காது, சோப்புத்தூளும் நிக்காது. வாயைப் பொளந்த ஒரு மீன், அவ்வளவுதான். வாலைச் சுத்தி சிவப்பு பூசுனா. பகல் வெளிச்சத்துல, பாட்டிலை ரெண்டு தடவை பாத்துட்டு. சில்லெல்லாம் கூட்டி ஒரு கவர்ல கட்டுனா. சோப்புப் போட்டுக் கை கழுவுனா. அப்புறம் அப்பாகிட்ட குடுத்தா.

சந்தைக்கு சித்தி ஆந்தையும் பூனையும் மட்டும் கொண்டு போனா. ரெண்டு வித்துச்சு. முயலைப் பாத்து ஒரு பொம்பளை, "காது ஒடிஞ்சிருக்கே, இதைப் போயி விக்க வந்துட்டீங்களா?"ன்னு கேட்டாளாம். அப்பாவுக்குத் தெரியாம முயலை யாரு பெட்டியில போட்டாங்கன்னு இன்னும் விசாரணை நடக்குது.

மேல் வீட்டு அக்கா பேசல. படியில எதிர்ல வந்தா ஒதுங்கிப் போவாங்க. திங்கக்கிழமை டாக்டர் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொன்னதுக்கு அப்புறமும் பேசல. சில்லுவும் போய் மன்னிப்புக் கேக்கல. கேட்டா அவங்க நல்ல மனசுக்கு, "பரவால்லடி"ன்னு சொல்லிடுவாங்க. அந்தப் பொய் மறுபடி வேண்டாம்னு இருந்துச்சு. அதுக்குப் பதிலா பால்கனியில உக்காந்து கொய்யாக் கட்டையோட மல்லுக்கட்டுனா. குருவிக்குன்னு கொஞ்சம் வெட்டுனது போக மிச்சம் இருந்ததுல ஒரு ஸ்பூன் வந்துச்சு. மீனெல்லாம் இல்ல, வெறும் ஸ்பூன். எண்ணெய் தடவுறதுக்கு முன்னாடி நாக்குல வெச்சுப் பாத்தா. தன் வாயில வெச்சுப் பாக்காததை இன்னொருத்தர் வாய்க்குக் குடுக்கக் கூடாதுன்னு புதுச் சட்டம். கணுவுல இருந்த அந்தச் செம்புப் பட்டையையும் தனியா ஒரு கவர்ல போட்டு வெச்சா, யாராவது கேட்டா காட்டணும்ல.

ஆனா கொண்டு போய்க் குடுக்கல. ஜன்னல் கட்டையில வெச்சிருந்தா.

ஒரு நாள் சாயங்காலம் கதவைத் தட்டுற சத்தம். தொறந்தா அக்கா. இடுப்புல பூசணி, கையில மடிச்ச ரூபா நோட்டு ஒண்ணு.

"இவனுக்கு மேல் பல்லு முளைக்குது. எவர்சில்வரைக் கடிச்சுக் கடிச்சு ஈறு செவந்து போச்சு. மரத்துல ஒரு ஸ்பூன் வேணும். இருக்கா?"

சில்லு ஜன்னலைப் பாத்தா. பட்டைக் கவரோட சேத்து எடுத்துட்டு வந்து நீட்டுனா. "கொய்யா. இதோ பட்டை, பாருங்க. நாக்குல வெச்சும் பாத்துட்டேன். சும்மாவே வெச்சுக்கோங்கக்கா."

"சும்மா வேண்டாம்." அக்கா நோட்டை அவ கையில அழுத்துனாங்க. முகத்துல சிரிப்பு இல்ல, ஆனா அந்த ஒதுங்கல் போயிருந்துச்சு. "காசு வாங்கிக்கோ. அப்பதான்டி நான் உன்னைத் திட்ட முடியும்."

உள்ளேர்ந்து சித்தி, "அப்படிப் போடு!"ன்னு கத்துனா. அப்பா செய்தி பாக்குற மாதிரி நடிச்சாரு.

மறுநாள் காலையில ஸ்கூலுக்குக் கெளம்பும்போது மறுபடி கதவு தட்டுற சத்தம். அக்கா கையில ஸ்பூன், ஸ்பூன் மேல ஒட்டிக்கிட்டு காஞ்ச சோறு.

"என்னடி செஞ்சு குடுத்திருக்க? கைப்பிடி எவ்வளவு குட்டையா இருக்கு பாரு! ஊட்டும்போது என் வெரலும் சேந்து அவன் வாய்க்குள்ள போகுது. ரெண்டு எடத்துல கடிச்சு வெச்சிருக்கான்!" வெரலை நீட்டிக் காட்டுனாங்க. நெசமாவே ரெண்டு குட்டிப் பல்லுத் தடம். "காசு குடுத்திருக்கேன்ல? நீளமா செஞ்சு குடு. இல்லன்னா காசைத் திருப்பிக் குடு."

"கட்டையே அவ்வளவுதான்க்கா இருந்துச்சு..."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது."

சில்லு ஸ்பூனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா. ஆமா, குட்டைதான். குருவிக்குக் குடுத்த நீளம் இதுல கொறைஞ்சிருக்கு. ஸ்கூல் பையைக் கழட்டிக் கீழ வெச்சா.

"திட்டி முடிச்சிட்டீங்களா?"

"இன்னும் இருக்கு," அக்கா உள்ள வந்து உக்காந்தாங்க. "குழியும் கொஞ்சம் ஆழம் ஜாஸ்தி."